மெஹ்ரீனுக்குக் குரல் கொடுத்தவள்

அத்தியாயம் 14

போன வாரம் ஷாலினியை நாம் விட்டு வந்தபோது, மகளின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லபடியா முடிஞ்சிரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதோ, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாலு வரி. ஷாலினிக்கு இருபத்தொன்பது வயது. தாராவியில் பிறந்து விக்ரோலியில் வாழ்க்கைப்பட்டவள். "ஒண்ணு உன் டப்பிங், இல்லன்னா நான்" என்று புருஷன் சுரேந்திரன் எட்டு மாதத்துக்கு முன்னால் சொன்னான். அப்படியெல்லாம் கேட்டு வைக்கக் கூடாது, பதில் வந்துவிடும். வந்தது. ஏழு வயது சாதனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வெளியேறினாள்.

அப்பா வீட்டுக்கும் போகவில்லை. செம்பூரில் தன் பெயரில் ஓர் அறை எடுத்தாள். புருஷனை விட்டு வந்ததைக்கூட ஊர்க்காரர்கள் எப்படியோ ஜீரணித்திருப்பார்கள். தன் பெயரில் அறை எடுத்ததைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை.

இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தாராவியில் ஊர்ச் சங்கம் கூடுகிறது. சாதனா அம்மாவிடம் இருப்பதா, அப்பாவிடம் இருப்பதா என்று முடிவு சொல்லப்போகிறார்கள். கோர்ட் படி ஏறினால் வருஷக்கணக்காகும் என்று பயந்து, சங்கம் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று.

"அம்மா, இன்னைக்கு டப்பிங் இருக்கா?" தலை பின்னக் காட்டிக்கொண்டே சாதனா கேட்டாள்.

"இல்லட்டி. தாத்தா வீட்டுப் பக்கத்துல சங்கம் இருக்குல்லா, அங்க போறோம்."

"அங்க மைக் இருக்குமா?"

"இருக்கும். நேரா உக்காரு."

"அப்ப காலித் அங்கிள் வருவாரா?"

"அவரு எதுக்கு அங்க வாராரு? ஆடாத, கோணலாப் போகுது பாரு."

குழந்தை அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஷாலினியின் வேலையைச் சொல்ல வேண்டும்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு அருகே, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே சின்ன ஸ்டுடியோ. அங்கே பாகிஸ்தான் டி.வி. நாடகங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறாள். துபாய் கம்பெனி ஒன்று அவற்றைத் தன் ஆப்பில் போடுகிறது. துபாய்த் தமிழர்களுக்காகப் போடுவதை விக்ரோலி மாமியார்களும் பார்க்கிறார்கள்.

இப்போது ஓடுகிற தொடரில் அவள் மெஹ்ரீன். லாகூரில் பேங்க் ஆபீசர். கட்டையாக வெட்டிய முடி, தானே ஓட்டுகிற கார், கையில் எப்போதும் ஒரு காபிக் கோப்பை. இந்த மூன்றையும் பார்த்தவுடனேயே, இவள் நாசமாகத்தான் போகப்போகிறாள் என்று நேயர்களுக்குத் தெரிந்துவிடும்.

உருது வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கிற ஷைஸ்தா மாஹிம்காரி. வாய் சும்மா இருக்காது; பேச்சுக்குப் பேச்சு 'யார்' என்று இந்தியில் தோழமை கொண்டாடுவாள்.

"இதோட பதினோரு நாடகம் எழுதிட்டேன் ஷாலு. வீட்டுல உக்காந்து அழுவுறவ ஹீரோயின். ஆபீஸ் போறவ வில்லி. ஒண்ணே ஒண்ணுல ஒரு டாக்டர் பொண்ணு நல்லவளா வந்தா. அட பரவால்லயேன்னு பார்த்தா, கடைசி எபிசோட்ல வேலைய விட்டுட்டு புலாவ் கிண்டுறா, யார்! நம்ம ஊரு சீரியல் மட்டும் என்ன ஒழுங்கா? ஆனா இவங்க அழகா எடுக்குறாங்க. அழகா எடுத்தா இன்னும் நல்லா ஏறும்."

பத்து நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, மெஹ்ரீனின் மகளுக்குப் பேசுகிற குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. சவுண்ட் என்ஜினியர் காலித், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சாதனாவைப் பார்த்தார். "இவளை நிறுத்துவோமே" என்றார்.

சாதனாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஷாலினி ஒரு வழி வைத்தாள். முதலில் மெஹ்ரீனின் வசனத்தை அவள் பேசுவாள். முடித்ததும் மகளின் முதுகில் கையால் ஒரு தட்டு. தட்டியவுடன் மனப்பாடம் செய்ததைக் குழந்தை சொல்ல வேண்டும்.

முதல் மூன்று டேக்கில் சாதனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழப்படாது. கோவமும் வேண்டாம். பஸ் நம்பர் சொல்லுத மாதிரி சும்மா சொல்லு" என்றாள் ஷாலினி.

நாலாவது டேக் பிரமாதமாக வந்தது. ஆனால் முடித்த கையோடு குழந்தை களுக்கென்று சிரித்துவிட, அதுவும் போயிற்று. அதனால் இன்னொரு சட்டமும் வந்தது.

"சொல்லி முடிச்சதும் வாய இறுக்க மூடிக்கிடணும். காலித் அங்கிள் ஓகேன்னு சொல்லுத வரைக்கும் மூச்சுச் சத்தம் கூட வரப்படாது. யாரு கேட்டாலும் பேசப்படாது. நானே கூப்பிட்டாலும் பேசப்படாது. தெரிஞ்சுதா?"

அஞ்சாவது டேக்கில் காலித் "ஓகே!" என்றார். ஷைஸ்தா சாக்லேட் கொடுத்தாள். அன்று முழுக்கச் சாதனாவின் கால் தரையில் படவில்லை.

இதெல்லாம் நல்ல நாளில் நடந்தது. இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிறது.

---

அதே நேரம் விக்ரோலியில் ஷாலினியின் மாமியார் மீனாட்சியம்மாள், சேலைத் தலைப்பால் தன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் வீட்டை விட்டுப் போனபிறகு மீனாட்சியம்மாளுக்கு மத்தியானங்கள் நீண்டுவிட்டன. மகள் விஜயலட்சுமிதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். நாடகத்தில் மெஹ்ரீன் வாயைத் திறந்த முதல் நாளே மீனாட்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷாலினியின் குரல்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பார்த்தாள். எட்டு மாதமாகக் கண்ணில் படாத மருமகள், லாகூர்க்காரியின் முகத்தை மாட்டிக்கொண்டு வாராவாரம் அவள் வீட்டுக்குள் வந்து, மாமியாரை எதிர்த்துப் பேசினாள், காரில் ஏறிப் போனாள், குழந்தையைத் திட்டினாள். மெஹ்ரீன் ஒவ்வொரு முறை அவமானப்படும்போதும் மீனாட்சியம்மாளுக்கு நெஞ்சுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சிக்காகவே பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன வெள்ளிக்கிழமை வந்த பாகம், மெஹ்ரீன் தன் மகளைப் பார்த்துக் கத்துவதோடு நின்றது. மகள் என்ன பதில் சொன்னாள் என்பது அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

மீனாட்சியம்மாளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. கத்தினதே போதும்.

---

தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு தோல்பைக் கடைக்கு மேலே சங்கத்து அறை. படி செங்குத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பெண்களுக்குச் சுவரோரம் ஜமுக்காளம். மேஜை மேல் கோயில் கொடை விழாவுக்கு வாங்கிய மைக்.

மைக்கைப் பார்த்ததும் சாதனா அம்மாவின் விரலை அழுத்தினாள். ஷாலினி கவனிக்கவில்லை. எதிர்ச் சுவரோரம் மாமியாரும், அவளுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடி விஜயலட்சுமியும் இருந்தார்கள். சவூதியில் இருக்கிற தன் புருஷனுக்குக் காட்ட விஜயலட்சுமி எல்லாவற்றையும் வீடியோ எடுப்பாள்.

சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கெட்டவர் அல்ல. எந்த விவகாரத்தையும் நோட்டில் எழுதி, பேனாவின் மூடியைத் திருகி, "ஓகே" என்று சொன்னால்தான் அவருக்கு நிம்மதி.

"பொம்பளப் பிள்ள. ஏழு வயசு" என்று ஆரம்பித்தார். "தாய்கிட்ட இருக்கதுதான் முறை. சுரேந்திரா, நீ ஞாயித்துக்கிழமதோறும் போய்க் கூட்டிட்டு வந்து, சாயங்காலம் கொண்டு விட்ரணும். என்னப்பா?"

சுரேந்திரன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

ஷாலினியின் அப்பா சுடலைக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எட்டு மாதமாக மகளுடன் சரியாகப் பேசாதவர், இப்போது அவளைப் பார்த்துக் கண்ணாலேயே "முடிஞ்சுதுட்டி" என்றார். ஆறுமுகநயினார் நோட்டைத் திறந்தார்.

"அண்ணாச்சி." மீனாட்சியம்மாள் எழுந்தாள். "எழுதுததுக்கு முந்தி இத ஒரு தடவ கேட்டுருங்க."

போனை மைக்கின் வாயில் வைத்தாள். படம் அவள் உள்ளங்கைப் பக்கம் இருந்தது. குரல் மட்டும் அறை முழுக்க வந்தது.

"உன்னைப் பெத்துட்டேன்கிறதுக்காக நான் செத்துப் போகணுமா? எனக்கும் ஒரு பேர் இருக்கு. அம்மாங்கிறது மட்டும் என் பேர் இல்ல. உனக்காக என் வேலையை நான் விட மாட்டேன். போ! உங்கப்பாகிட்டப் போய் அழு!"

ஜமுக்காளத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். சுடலைக்கண்ணனின் துண்டு மடியில் விழுந்தது.

"இது உன் குரலா தாயி?" என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

"என் குரல்தான் பெரியப்பா. ஆனா இது நாடகம். பாகிஸ்தான் நாடகம். நான் டப்பிங் பேசினது. அத்த, படத்தக் காட்டுங்க. காட்டுங்கன்னு சொல்லுதேன்!"

போன் கைமாறியது. ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கட்டை முடியும் லாகூர் வீட்டுச் சரவிளக்குமாக மெஹ்ரீன் எல்லோர் கையிலும் போய் வந்தாள்.

"அட, நாடகம்தாம்ப்பா!" ஒருவர் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஷாலினிக்கு மூச்சு திரும்பி வந்தது.

"நாடகம்னு எனக்குத் தெரியாதாக்கும்?" மீனாட்சியம்மாள் உட்காரவில்லை. "அந்த லாகூர்க்காரி அவ பாஷையில என்னத்தச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. தமிழ்ல சொன்னது இவ. பள்ளிக்கூடம் விட்டா என் பேத்தி அந்த ஸ்டுடியோவுலதான கெடக்கா, அவ காதுல விழத்தான் சொல்லிருப்பா. மனசுல இல்லாமலா இம்புட்டு ஆத்திரம் வரும்? நீங்களே சொல்லுங்க."

"அது தொழில், அத்த. டைலர் தைக்க சட்டையெல்லாம் அவரா போட்டுக்கிடுதாரு?"

"அப்ப இங்கன சொல்லிக் காட்டு. மனசுல ஒண்ணுமில்லாம, வெறும் தொழிலாச் சொல்லு. நாங்களும் கேக்கோம்."

ஷாலினி ஆறுமுகநயினாரைப் பார்த்தாள். அவர் சுடலைக்கண்ணனைப் பார்த்தார். அப்பா, பாவம், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

"சொல்லிட்டு வாட்டி. நாடகந்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா."

சாதனாவையும் கூட்டிக்கொண்டு அவள் மைக் முன்னால் போய் நின்றாள். குழந்தை வழக்கம்போல் இடது பக்கம் வந்து, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது.

முதல் தடவை ஷாலினி வேண்டுமென்றே சப்பென்று சொன்னாள். ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சுவரைப் பார்த்து ஒப்பித்தாள். அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

சுரேந்திரன் சிரித்தான். காலையிலிருந்து அவன் செய்த ஒரே காரியம் அதுதான். "இம்புட்டுத்தான் இவ லட்சணம். இதுக்குத்தான் புருஷன் வேண்டாம்னு போனா."

நாற்காலிகளிலிருந்தும் சிரிப்பு வந்தது.

வாசகிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். உங்களை அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள். ராத்திரி பகலாகப் பழகி, உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பார்த்து ஒருவன் 'இம்புட்டுத்தானா' என்று சிரித்தால், அதை மட்டும் பொறுக்க முடியாது. ஷாலினியாலும் முடியவில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அவள் மைக்கை வாய்க்கு நேரே இழுத்தாள்.

"உன்னைப் பெத்துட்டேன்கிறதுக்காக நான் செத்துப் போகணுமா?"

சிரிப்பு நின்றது.

"எனக்கும் ஒரு பேர் இருக்கு. அம்மாங்கிறது மட்டும் என் பேர் இல்ல."

ஸ்டுடியோவில் அஞ்சு டேக்கிலும் வராதது இப்போது வந்தது. எட்டு மாத வாடகை அறை, பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் ஒதுங்கியது, கீழ்வீட்டுக்காரி 'சாப் கபி நஹி ஆதே?', வீட்டுக்காரர் வருவதே இல்லையா, என்று தினமும் கேட்டது, எல்லாம் அந்தக் குரலில் ஏறிக்கொண்டன. கீழே ரோட்டில் போகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"உனக்காக என் வேலையை நான் விட மாட்டேன். போ! உங்கப்பாகிட்டப் போய் அழு!"

ஷாலினிக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மகளைச் சேர்த்து அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். கை குழந்தையின் முதுகில் விழுந்தது.

சாதனா நிமிர்ந்தாள்.

"அப்படின்னா நீங்க எனக்கு அம்மா இல்ல. நான் அப்பாகூடவே இருந்துக்கிறேன். நீங்க போங்க."

அழவில்லை. கோபமும் இல்லை. பஸ் நம்பர் சொல்வதுபோல், தெளிவாக, மைக்கில் சொன்னாள்.

சொல்லிவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

அறையில் முதலில் கேட்டது மீனாட்சியம்மாளின் விம்மல். அது நடிப்பு இல்லை. அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. "எங்கண்ணு… எந்தங்கம்…" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இல்ல!" ஷாலினி கத்தினாள். "பெரியப்பா, இதும் வசனம்! நாடகத்துல அந்தப் பிள்ள சொல்லுத வசனம். நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்!"

"கேட்டீகளா? சொல்லிக் குடுத்தாளாம்" என்றார் நாற்காலியில் ஒருவர். "பெத்த பிள்ளைக்கு இதச் சொல்லிக் குடுத்தாளாம்."

"வெள்ளிக்கிழம வரும், பெரியப்பா. இதே குரல்ல இதே வார்த்த வரும். நாலே நாள்… அஞ்சு நாள் பொறுங்க!"

"வெள்ளிக்கிழம வார நாடகத்துக்காகச் சங்கம் காத்துக் கிடக்கணுமோ?" என்றார் அதே ஆள்.

ஆறுமுகநயினார் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். நாற்காலியை விட்டு எழுந்து வந்து குழந்தையின் முன்னால் குனிந்தார். நியாயமாகத்தான் நடந்துகொண்டார், குறை சொல்ல முடியாது.

"இங்க பாரு தாயி. பயப்படாத. நீயாத்தான் சொன்னியா? அம்மாகூட இருக்கியா, அப்பாகூட இருக்கியா? சொல்லு."

சாதனா அவரைப் பார்த்தாள். உதட்டை இன்னும் இறுக்கினாள். மூக்கு விடைத்தது.

"சாதனா, பேசுட்டி!" ஷாலினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா கூப்பிடுதேன்லா. இந்தத் தாத்தாகிட்டச் சொல்லு, அது டப்பிங்னு சொல்லு!"

குழந்தை வேகமாகத் தலையை ஆட்டியது. மாட்டேன் என்றது. நானே கூப்பிட்டாலும் பேசப்படாது என்று சொன்னது யார்? கண்ணில் தண்ணீர் முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் நின்றது.

"பெத்தவ கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டேங்கு" என்றார் ஆறுமுகநயினார், மெதுவாக. "பிள்ள மனசு எம்புட்டு நொந்திருக்கு பாருங்க."

நாற்காலிக்குத் திரும்பி நோட்டில் எழுதினார். அவர் கையெழுத்து அழகானது, நிதானமானது. எழுதி முடிக்கும் வரை ஷாலினி பேசிக்கொண்டேதான் இருந்தாள். காலித் பெயரைச் சொன்னாள், ஷைஸ்தா பெயரைச் சொன்னாள், அம்மை போட்ட குழந்தையைப் பற்றிச் சொன்னாள். சுடலைக்கண்ணன் எழுந்து அவள் வாயைப் பொத்தினார்.

"போதும்ட்டி. இன்னும் எம்புட்டுத்தான் அசிங்கப்படுத்துவ?"

ஆறுமுகநயினார் பேனாவின் மூடியைத் திருகினார்.

"ஓகே" என்றார்.

சாதனா உஸ்ஸென்று மூச்சு விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! கரெக்டாச் சொன்னேனா? நான் மூச்சுகூட விடல பாத்தியா? அந்தத் தாத்தா கேட்டாரு, அப்பக்கூடப் பேசல!"

நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். டீ வந்துவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. ஆறுமுகநயினாரின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

"கேட்டீங்களா பெரியப்பா? பிள்ள என்ன கேக்கான்னு கேட்டீங்களா?"

அவர் நோட்டைப் பார்த்தார். ஈரம் காயாத மையைப் பார்த்தார். சுற்றி நின்று டீ குடிக்கிற ஆண்களைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எழுதிய வரியை அவர் அடித்ததே இல்லை.

"எழுதியாச்சே தாயி" என்றார். "அடுத்த மாசக் கூட்டத்துல ஒரு மனு குடு. பாப்போம்."

டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் மீனாட்சியம்மாள்மேல்கூட இல்லை.

"அம்மா, கரெக்டாச் சொன்னேனான்னு கேட்டேன்லா?" சாதனா சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஷாலினி மண்டியிட்டாள். நீ சொன்னது தப்பு, நீ சொன்ன ஒரு வார்த்தையால்தான் இப்போது பிரிகிறோம் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். சொன்னால் அது இந்தக் குழந்தையோடு எழுபது வயது வரைக்கும் போகும்.

"ரொம்பக் கரெக்டாச் சொன்ன" என்றாள். "ஒரே டேக்."

"அப்ப சாக்லேட்?"

ஷாலினி பையைத் துழாவினாள். இல்லை. மீனாட்சியம்மாள் இதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகே வந்திருந்தாள். "வா என் ராசாத்தி. ஆச்சி வாங்கித் தாரேன்" என்று பேத்தியின் கையைப் பிடித்தாள்.

குழந்தை துள்ளிக்கொண்டு போனது. படியில் இறங்கும்போது திரும்பி, "அம்மா, நீயும் வாரியா?" என்று கேட்டது. அதற்குள் சுரேந்திரன் தூக்கிக்கொண்டான்.

கடைசியாக இறங்கியவள் விஜயலட்சுமி. கயிற்றைப் பிடித்தபடி நின்று, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுச்சு. பிள்ள கடைசியா உங்கிட்டக் கேட்டது."

"மதினி…"

"முழுசும் போன்ல இருக்கு. ஆனா நான் எங்கம்மா பெத்த மக, ஷாலினி. என்னால என்ன செய்ய முடியும்?" போனைப் பையில் திணித்தாள். "அம்மா வெள்ளிக்கிழம நாடகத்த விடவே மாட்டா. பேத்தி குரல அவளே கேப்பா. கேட்டுட்டு என்ன செய்வான்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப்போனாள்.

---

செம்பூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. ஷாலினி அதில் உட்காரவில்லை. பழக்கதோஷம், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். பேருந்து சயான் தாண்டும்போது ஷைஸ்தா கூப்பிட்டாள்.

"ஷாலு, ஃபைனல் எபிசோட் எழுதி முடிச்சிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு காலித் பாய் ரெக்கார்டிங் போட்டிருக்காரு. மெஹ்ரீனுக்கு வேலை போயிடுது, பிளாட் போயிடுது, எல்லாம் போயிடுது. கடைசில மழைல நனைஞ்சுக்கிட்டு விட்டுட்டுப் போன புருஷன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து அழுவுறா. எழுதும்போதே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நீ அழறதுதான் பெரிய வேலை, தொண்டையை நல்லா வச்சுக்க."

"ம்."

"சாதனாவையும் கூட்டிட்டு வந்துடு. மெஹ்ரீன் பொண்ணுக்குக் கதவைத் திறக்குற சீன் மட்டும்தான். ஒரே வரி."

"என்ன வரி?"

ஷைஸ்தா தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"'அப்பா, வாசல்ல யாரோ ஒரு ஆன்ட்டி உக்காந்திருக்காங்க.' அவ்வளவுதான். வீட்டுலயே ரெண்டு தடவை சொல்லிக் குடுத்துடு, யார். உன் பொண்ணு பிடிச்சுக்குவா… ஷாலு? ஹலோ? லைன்ல இருக்கியா?"

ஷாலினி இருந்தாள். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரக் காலி சீட்டைப் பார்த்தபடி, வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.